முதலாண்டு இயற்பியல் ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகளுக்கு ஊட்டியில் பி.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டில் இயக்கவியல் எடுக்கும் ஆசிரியரைப் பற்றி அங்கே படித்த ஊர்ப் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறீர்கள். மூன்று பேர், "ஒண்ணுமே புரியாது, போர்டப் பாத்தே பேசிட்டுப் போயிடுவாரு, இன்டர்னல்ல மார்க்கே போடமாட்டாரு" என்றார்களாம். ஒரு பெண் மட்டும், "அவராலதான் எனக்கு பிசிக்ஸே வந்துச்சு" என்றாளாம். யாரை நம்புவது, பேசாமல் வேதியியலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். அந்த ஆசிரியர் நல்லவரா இல்லையா என்பதை நான் சொல்ல முடியாது. அவரை எனக்குத் தெரியாது, அவர் வகுப்பில் உட்கார்ந்ததும் இல்லை. ஆனால் ஒரு மாணவர் ஆசிரியரைப் பற்றிச் சொல்லும் கருத்து எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்பதைச் சொல்ல முடியும். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் இந்த மலையில் இரண்டு கல்லூரிகளில் 29 வருடம் இயற்பியல் எடுத்தவள். கடைசிச் சில வருடங்கள் துறையில் மாணவர் கருத்துப் படிவங்களைச் சேகரித்துத் தொகுக்கும் வேலையும் என்னிடம் இருந்தது. என்னைப் பற்றி எழுதியவற்றையும் சேர்த்து நிறையப் படித்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த முதல் விஷயம், பிள்ளைகள் பொய் எழுதுவதில்லை. கோபத்தில் மிகைப்படுத்துவார்கள், பயத்தில் விட்டுவிடுவார்கள், ஆனால் "புரியவில்லை" என்று எழுதினால் அவர்களுக்குப் புரியவில்லை என்பது உண்மை. ஏன் புரியவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பல சமயம் வேறு இடத்தில் இருக்கும்.

ஒரு வருடம் எங்கள் துறையில் ஓர் இளம் ஆசிரியருக்கு மட்டும் "குரலே கேட்கவில்லை", "வாய்க்குள் பேசுகிறார்" என்று வரிசையாக வந்தது. அவரோ நல்ல கணீர்க் குரல்காரர். படிவங்களை வகுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. புகார் அத்தனையும் ஒரே அறையிலிருந்து. தகரக் கூரை போட்ட அறை. ஜூலை, ஆகஸ்ட் மழை அதன் மேல் அடிக்கும்போது முன்பெஞ்சில் இருப்பவர்களுக்கே காது கேட்காது. பிள்ளைகள் கூரைக்குக் கொடுத்த மதிப்பெண்ணை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, "முதல் மணிநேரத்திலேயே கஷ்டமான கணக்கை நடத்திவிடுகிறார், திரும்பச் சொல்வதே இல்லை" என்று ஒரு குழு எழுதியது. அவர்கள் எல்லோரும் கூடலூர், மஞ்சூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். மூடுபனி இறங்கினாலோ சாலையில் மண் சரிந்தாலோ பஸ் பிந்தும், பாடத்தின் தொடக்கம் போய்விடும். மிச்ச அரைமணி நேரம் அந்நிய பாஷை மாதிரிதான் இருக்கும். அந்த ஆசிரியர் தொடக்கத்தை இரண்டாம் மணிநேரத்துக்கு மாற்றிக்கொண்டார், புகார் அடங்கியது. எனவே உங்களிடம் பேசிய மூன்று பேரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த அறை, எந்த நேரம், எங்கிருந்து வந்து போனார்கள் என்பதே.

இதற்கு மேல் இயற்பியலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வரலாற்று வகுப்புக்கு வரும் பிள்ளை சோழர்களைப் பற்றித் தெரியாமல் வரலாம், அதைத் தெரிந்துகொண்டு போகும். இயக்கவியல் வகுப்புக்கு வருகிற பிள்ளை வெறுமையாக வருவதில்லை. பதினெட்டு வருடம் பந்து எறிந்து, சைக்கிள் மிதித்து, தேயிலை மூட்டை தூக்கிப் பழகிய அனுபவத்தில் உலகம் எப்படி நகர்கிறது என்று உறுதியான ஒரு நம்பிக்கையோடு வருகிறது. அந்த நம்பிக்கை பெரும்பகுதி தவறு. நகரும் பொருளின் மேல் நகரும் திசையில் ஒரு விசை இருந்தே ஆகவேண்டும் என்று அது நம்பும். மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது "கையோட விசை" இன்னும் பந்துக்குள் இருக்கிறது என்றும், உச்சியில் அது தீர்ந்துபோய் விசையே இல்லாமல் ஒரு நொடி நிற்கிறது என்றும் நம்பும். கையை விட்டுப் பிரிந்த கணத்திலிருந்து (காற்றை விட்டுவிட்டால்) ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் புவியீர்ப்பு ஒன்றுதான், ஒரே அளவு, கீழ்நோக்கி. இதை வாயால் சொல்ல ஒரு நிமிடம் போதும். மனம் ஏற்க மாதங்கள் ஆகும். நம்பிக்கையைக் கலைக்கிற ஆசிரியர் பிள்ளையைக் குழப்புகிறார், குழம்பிய பிள்ளை "புரியவில்லை" என்று எழுதுகிறது. கலைக்காமல் சூத்திரத்தை மட்டும் அழகாக எழுதிப்போடும் ஆசிரியருக்கு "தெளிவாக நடத்துகிறார்" என்று வருகிறது.

இது என் அனுபவத்தில் தோன்றிய எண்ணம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1992-ல் ஹெஸ்டனஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நம்பிக்கைகளைச் சோதிக்கவென்றே கணக்கில்லாத, சூத்திரமில்லாத ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பேராசிரியர் மாணவர்களிடம் மிக நல்ல பெயர் வாங்கியவர். அதைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது, கடினமான கணக்கைப் போடும் பிள்ளைகளே இந்த எளிய கேள்விகளில் தடுமாறியதைக் கண்டார். அதன் பிறகு தன் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். 1998-ல் ரிச்சர்ட் ஹேக் 62 பாடவகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பாடத்துக்குப் பின் கற்றார்கள் என்பது அளவுகோல். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 0.48. அதாவது நல்ல விரிவுரையாளர்கள் எடுத்த வகுப்புகளிலும்கூட நாலில் ஒரு பங்குதான் சராசரியாக உள்ளே போயிருக்கிறது.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சாய்தளம் நடத்தும்போது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்வேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதை 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது, கோணம் ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சரிவில் எஞ்சின் தன்னை மேலே கொண்டுபோகவே தன் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு விசை தர வேண்டும். முன்னால் தள்ளிக்கொண்டு போகும் பெட்டிகளும் எஞ்சின் அளவே எடை என்று வைத்துக்கொண்டால் ஆறில் ஒரு பங்கு. மழையில் நனைந்த எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்தின் பிடிமானம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடலாம். சக்கரம் வழுக்கும், வண்டி ஏறாது. அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு உயிர். தினமும் பார்க்கிற ரயில். படிவத்தில் "மேம், ரயில் கிளாஸ் சூப்பர்" என்று வருடா வருடம் எழுதுவார்கள்.

ஒரு வருடம் அந்த வகுப்பு முடிந்த மறுவாரம் சும்மா ஒரு கேள்வி கொடுத்தேன். பல்சட்டம் இல்லாத சமதளப் பாதையில் எஞ்சின் வேகமெடுக்கிறது. அதை ஓட்டும் சக்கரத்தின் மேல் தண்டவாளம் தரும் உராய்வு எந்தத் திசையில்? முக்கால்வாசிப் பேர் பின்னோக்கி என்று எழுதினார்கள். உராய்வு எப்போதும் எதிர்க்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது அப்படியே இருந்தது. சக்கரம் தண்டவாளத்தைப் பின்னே தள்ளுகிறது, தண்டவாளம் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது, வண்டியை நகர்த்துவதே அந்த உராய்வுதான். நான் ஒரு மணிநேரம் பிடிமானத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவர்கள் ரசித்திருக்கிறார்கள், உராய்வு பற்றி அவர்கள் மனதில் இருந்தது ஓர் அங்குலமும் நகரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் அந்தக் கேள்வியை முதலில் வைத்தேன். பதில் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். சக்கரத்தைத் தனியாக வரைந்து விசைகளை அவர்களே குறிக்க வேண்டும். கூச்சல், குழப்பம், இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது. ரயில் கதைக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. அந்தப் பருவத்தில் என் மதிப்பீடு முதல்முறையாக இறங்கியது. "மேம் சொல்லித் தராம எங்களையே கேக்கறாங்க" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் தேர்வில் உராய்வுக் கேள்விக்கு அதுவரை நான் பார்த்திராத நல்ல விடைகள் வந்தன.

இது தற்செயலா என்று நெடுநாள் யோசித்தேன். பிறகு 2019-ல் ஹார்வர்டில் முதலாண்டு இயற்பியல் வகுப்பிலேயே நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரை, மறு பாதிக்குத் தாங்களே போட்டுப் பார்க்கும் வகுப்பு. பாடம் சமநிலையும் பாய்மங்களும். கையில் கொடுத்த தாள் இருவருக்கும் ஒன்றே. தாங்களே போட்டுப் பார்த்தவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். அதிகம் கற்றுக்கொண்டதாக உணர்ந்தவர்களோ விரிவுரை கேட்டவர்கள். சரளமான பேச்சைக் கேட்கும்போது வரும் சுகத்தைப் புரிந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தானே முட்டி மோதும்போது வரும் களைப்பைப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னும் பெரிய ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கூடத்தில் யார் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதை நிர்வாகமே குலுக்கல் போல ஒதுக்கிவிடும், தேர்வும் எல்லோருக்கும் பொது. அங்கே முதல் நுண்கணிதப் பாடத்தில் மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், அதன்மேல் கட்டப்பட்ட அடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். உங்களிடம் "அவராலதான் வந்துச்சு" என்று சொன்ன பெண் எந்த ஆண்டு படிக்கிறாள், மற்ற மூவரும் எந்த ஆண்டு என்று நீங்கள் எழுதவில்லை. அவள் மூன்றாமாண்டு, அவர்கள் முதலாண்டு முடித்தவர்கள் என்றால், நான் அவளுடைய ஒரு சொல்லுக்கு அதிக எடை கொடுப்பேன். இயக்கவியலின் பலன் தெரிவது குவாண்டம் இயக்கவியல் படிக்கும்போதுதான்.

எது நிச்சயம், எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணும் அவர்கள் கற்ற அளவும் ஒன்றோடொன்று ஓரளவு சேர்ந்து போகும் என்று 1981-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்த ஒருவர் முடிவு சொன்னார். 2017-ல் அதே ஆய்வுகளையும் புதியவற்றையும் மீண்டும் எடைபோட்டவர்கள், சில வகுப்புகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகளே அந்த எண்ணத்தைத் தந்தன, பெரிய ஆய்வுகளில் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்றார்கள். அறிஞர்களுக்குள் வாதம் தொடர்கிறது. நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களில் நடந்தவை. பஸ்ஸுக்கு ஓடுகிற, ஆங்கிலம் புதிதான நம் பிள்ளைகளிடம் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நல்ல பெயர் இருந்தால் மோசமான ஆசிரியர் என்றும் யாரும் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளும் கொண்டாடி, பாடமும் ஆழமாகப் போகிற ஆசிரியர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரே வேலையைச் செய்தாலும் பெண் ஆசிரியர்களுக்குக் குறைவாகப் போடும் வழக்கம் இருக்கிறது. 2019-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20,000 மதிப்பீடுகளைப் பார்த்த ஆய்வில், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லாதபோதும் பெண்களுக்கு மதிப்பீடு குறைந்திருந்தது, ஆண் மாணவர்கள் கொடுத்ததில் கூடுதலாக. இதை நானும் அனுபவித்திருக்கிறேன். உங்கள் மகள் நாளை இதே வேலைக்கு வந்தால் அவளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் மாணவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாமா? கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். "மோசம்", "சூப்பர்", "டெரர்" போன்ற சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணால் கண்டதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மணி அடித்தால் வகுப்புக்கு வருகிறாரா? போர்ஷனை முடிக்கிறாரா? விடைத்தாளைத் திருத்தி, எங்கே தவறு என்று குறித்துத் திருப்பித் தருகிறாரா? வகுப்புக்கு வெளியே சந்தேகம் கேட்டால் நின்று பதில் சொல்கிறாரா? இதிலெல்லாம் பிள்ளைகள் சொல்வது துல்லியமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் தினமும் பார்ப்பது இதுதான். உங்கள் பட்டியலில் "போர்டப் பாத்தே பேசுவாரு" என்பது அப்படிப்பட்ட உண்மையான குறை. நோட்டுக்கு நோட்டு எழுதிப்போடும் வழக்கம் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. "மார்க் போடமாட்டாரு" என்பதை மட்டும் விசாரிக்க வேண்டும். எல்லோருக்கும் குறைவாகவா, சிலருக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் அது கண்டிப்பு. சிலருக்கு மட்டும் என்றால் அது வேறு விஷயம், கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். தவறாகப் பதில் சொன்ன பிள்ளையை அவர் வகுப்பில் அவமானப்படுத்துவாரா? ஆங்கிலம் தடுமாறுகிறவர்களை, ஊரையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வாரா? இதற்கு ஒருவர் ஆமாம் என்று சொல்லி நடந்ததையும் விவரித்தால், மற்ற இருபது பேரின் பாராட்டைவிட அது பெரிது. தமிழ்வழியில் வந்த பெண் பிள்ளை முதல் மாதத்தில் ஒருமுறை கூனிக்குறுகினால், மூன்று வருடம் வாயே திறக்காது. அப்படி ஆன பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மொழி விஷயத்தில்தான் உங்கள் மகளுக்கு உண்மையான சிரமம் காத்திருக்கிறது. "ஒண்ணுமே புரியாது" என்று சொன்ன மூவரும் தமிழ்வழியா என்று கேளுங்கள். பல வருடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் "குட்", "ஓகே" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, வெள்ளைத்தாள் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னபோது பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் திரும்பத் திரும்ப வந்தது, "எனக்கு உந்தம் தெரியும், மொமென்டம் என்று சொன்னால் அதுதான் என்று தெரியவில்லை" என்ற மாதிரியான வரிகள். இயற்பியல் தெரிந்த பிள்ளை, சொல் தெரியாமல் தோற்கிறது. கல்லூரி திறப்பதற்குள் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் படிக்கட்டும். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை–ஆற்றல், சுழற்சி எல்லாம் அதிலேயே இருக்கிறது. முடுக்கம் ஆக்சிலரேஷன், திருப்பு விசை டார்க், நிலைமத் திருப்புத்திறன் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று ஒரு நோட்டில் இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

வேதியியலுக்கு மாற்றுவது பற்றி: அவளுக்கு வேதியியல் பிடிக்குமென்றால் தாராளமாக மாற்றுங்கள். இந்த ஆசிரியருக்குப் பயந்து மாற்ற வேண்டாம். வேதியியல் மாணவர்களுக்கும் பெரும்பாலும் அல்லைடு (துணை) பாடமாக இயற்பியல் வரும், அதை எடுப்பது அதே துறை ஆசிரியர்கள்தான். ஓர் ஆசிரியர் ஆறு பருவங்களில் ஒன்றிலோ இரண்டிலோ வருவார். பிடித்த பாடம் வாழ்நாள் முழுக்க வரும். அவள் பஸ் ஏறி இறங்கப்போகும் ஊட்டிக்குப் பக்கத்தில்தான் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. மலைச்சரிவு 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை என்பதால் அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நீலகிரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அந்த ஆசிரியரிடம் படித்த மூன்றாமாண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து, அவரைப் பற்றி எதுவும் கேட்காமல், மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் நொடியில் அதன்மேல் என்ன விசை என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். சூத்திரம் ஒப்பிக்கிறார்களா, பூஜ்யம் என்கிறார்களா, அல்லது ஒரு கல்லை எடுத்து எறிந்து காட்டி அவள் மொழியில் விளக்குகிறார்களா என்று பார்க்கட்டும். வந்த பதில்களை இங்கே எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருப்பேன்.